இசாராவைக் காப்பாற்றப் பொத்தான் இல்லை

விழுந்தவளுக்கு மூன்று சுற்று அவகாசம் உண்டு. ‘வால்கிரியா க்ரானிக்கிள்ஸ்’ என்ற ஜப்பானிய வீடியோ கேமின் விதிகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். நம் படையில் ஒருத்தி குண்டடிபட்டு விழுந்தால் உடனே சாவதில்லை. சக வீரர் யாராவது ஓடிப்போய் அவள் உடலைத் தொட்டால் மருத்துவப் பணியாளர் வந்து தூக்கிச் செல்வார். மூன்று சுற்றுக்குள் ஒருவரும் போகாவிட்டால் அவள் செத்துப்போவாள். அதற்குள் எதிரி ஒருவன் வந்து தொட்டுவிட்டாலும் அவ்வளவுதான். செத்தவள் அடுத்த போரில் எழுந்து வரமாட்டாள். கடைசியாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, ஆட்டத்திலிருந்தே போய்விடுவாள்.

அப்படியானால் தொடுவது இந்த விளையாட்டில் ஒரு வேலை. சுடுவதைப் போலவே அதற்கும் விலை உண்டு. யாரைத் தொடப் போவது, யாரை விட்டுவிடுவது என்று ஆடுகிறவர் தீர்மானிக்க வேண்டும். பராமரிப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு பெண்ணியம் எவ்வளவோ பேசியிருக்கிறது. அந்தப் பேச்சை ஒரு போர் விளையாட்டின் விதிக்குள் பார்ப்பேன் என்று நான் எதிர்பார்த்ததில்லை. எனக்கு இதை அறிமுகப்படுத்திய முதுகலை மாணவி, “மேடம், துப்பாக்கி விளையாட்டுதான், ஆனா ஒருதடவை பாருங்க” என்று மட்டும்தான் சொன்னாள்.

சேகா நிறுவனம் 2008இல் பிளேஸ்டேஷன் 3 கருவிக்காக வெளியிட்ட விளையாட்டு இது. 2014இல் கணினிக்கும் வந்தது. கதை நடப்பது 1935இல், ‘யூரோப்பா’ என்ற கற்பனைக் கண்டத்தில். கிழக்கே ஒரு பேரரசு, மேற்கே ஒரு கூட்டமைப்பு. நடுவில் காலியா என்ற சின்ன நாடு. ‘ராக்னைட்’ என்ற கனிமத்துக்காகப் பேரரசு காலியாவின்மேல் படையெடுக்கிறது. காலியாவில் எல்லோருக்கும் கட்டாய ராணுவப் பயிற்சி உண்டு. ஆண், பெண் பேதமில்லை. ரொட்டிக்கடையில் வேலை செய்து வந்த அலிசியா ஊர்க்காவல் படைக்குத் தலைவியாக இருக்கிறாள். பூச்சிகளைப் பார்த்துக் குறிப்பெழுதும் பல்கலைக்கழக மாணவன் வெல்கின், ஏழாவது படைப்பிரிவின் தளபதி ஆகிறான். அவனுடைய வளர்ப்புத் தங்கை இசாரா டாங்கி ஓட்டுகிறாள். அதைப் பழுது பார்ப்பவளும் அவளே.

ஆடும் முறை இரண்டு அடுக்காக இருக்கிறது. முதலில் மேலிருந்து பார்க்கும் வரைபடம். சதுரங்கப் பலகை மாதிரி நம் முறை, எதிரியின் முறை என்று மாறி மாறி வரும். யாரை நகர்த்துவது என்று தேர்ந்தெடுத்ததும் திரை சட்டென்று கீழே இறங்கி அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். இப்போது ஓடுவது நாம்தான். ஓடும்போதே எதிரிகள் சுடுவார்கள். நம் முறை என்பதற்காகத் தோட்டா காத்திருக்காது. குறிபார்க்கத் துப்பாக்கியைத் தூக்கினால் மட்டும் காலம் உறையும். திரையில் ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்தை எதிரியின் தலைமேலோ, டாங்கியின் பின்புறம் நீலமாக ஒளிரும் பகுதியின்மேலோ நாமே கையால் கொண்டுபோய் வைக்க வேண்டும். குண்டு வட்டத்துக்குள் எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. மறைந்துகொள்ள மணல் மூட்டைகள் இருக்கும், ஆனால் ஒரு ராக்கெட் விழுந்தால் அவையும் சிதறிவிடும். சில இடங்களில் தடுப்புகளை டாங்கி இடித்துக்கொண்டே போகும். போன சுற்றில் காப்பாற்றிய மூட்டை இந்தச் சுற்றில் இருக்குமா என்பது தெரியாது.

இந்த இரட்டைப் பார்வையில்தான் இந்த விளையாட்டின் அறம் இருக்கிறது. வரைபடத்தில் பார்க்கும்போது எல்லோரும் வெறும் குறிகள். தளபதியின் கண்ணுக்குப் போர் அப்படித்தான் தெரியும். கீழே இறங்கியதும் அந்தக் குறிக்கு முதுகும் மூச்சும் குரலும் வந்துவிடுகின்றன. இன்னொரு விளையாட்டாக இருந்தால் மேலேயிருந்தபடியே ஆடி முடித்திருக்கலாம். இங்கே ஒவ்வொரு உத்தரவையும், அதை நிறைவேற்றப் போகிறவளின் உடலுக்குள் நுழைந்து நாமே நிறைவேற்ற வேண்டியிருக்கிறது.

காட்சிகள் பென்சில் கோடும் நீர்வண்ணமுமாக, யாரோ நோட்டில் வரைந்தது போல இருக்கும். டாங்கி உருளும் சத்தம்கூடக் காமிக்ஸ் புத்தகத்தில் வருவது மாதிரி எழுத்தாகவே திரையில் ஓடும். இந்த அழகைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. போரை நீர்வண்ணத்தில் வரைந்தால் ரத்தம் எங்கே போகிறது? ஆனால் அதைவிட முக்கியமான விஷயங்களைப் பேச வேண்டியிருப்பதால் இதோடு விடுகிறேன்.

முதலில் நல்லது. ஏழாவது படைப்பிரிவில் இருபது பேரை நாம் சேர்த்துக்கொள்ளலாம். வேவு பார்ப்பவர், முன்னணித் தாக்குதல்காரர், டாங்கி எதிர்ப்பாளர், பொறியாளர், தொலைவிலிருந்து சுடுபவர் என்று ஐந்து வகை. எந்த வகையும் ஆணுக்கு மட்டும் என்று ஒதுக்கப்படவில்லை. பெண் சுட்டால் சேதம் குறைவு என்ற கணக்கும் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சுபாவம் உண்டு. ஒருத்திக்குப் பூந்தாது ஒவ்வாமை. புல்வெளியில் நிறுத்தினால் தடுமாறுவாள். ஆண்களைக் கண்டாலே ஆகாதவள் உண்டு. பெண்களை விரும்பும் பெண்ணும் உண்டு. தனக்குப் பிடித்தவள் பக்கத்தில் நின்றால் அவளுக்குத் தெம்பு கூடும். இவர்களில் யாரும் கதையின் நாயகி இல்லை. ஆனாலும் நாலு போர் ஆடி முடிப்பதற்குள் நமக்கு இவர்கள் பழகிவிடுகிறார்கள்.

உடை விஷயத்துக்கு வந்தால் இந்தச் சமத்துவம் தொடையளவில் நின்றுவிடுகிறது. ஆண்களுக்கு முழுக்கால் சட்டை. பெண்களுக்குக் குட்டைப் பாவாடை. முள்ளிலும் சேற்றிலும் தவழ வேண்டிய வேலைக்கு இந்தச் சீருடையைத் தைத்தவர் தவழ்ந்தே பார்த்திருக்க மாட்டார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ராணுவத்தில் ஏறக்குறைய 8 லட்சம் பெண்கள் பணியாற்றினார்கள். ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச் அவர்களைத் தேடிப்போய்க் கேட்டுத் தொகுத்த வாய்மொழி நூல் 1985இல் வெளிவந்தது. அதில் அந்தப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, தங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆண்களின் உள்ளாடைகளையும் காலுக்குப் பொருந்தாத பெரிய பூட்ஸ்களையும் பற்றித்தான். நிஜப் போர் பெண்ணின் உடலே இல்லாதது போல நடந்துகொண்டது. விளையாட்டுப் போர் அவள் உடலைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டேன் என்கிறது. இரண்டிலும் அளவெடுத்தவர் அவளைக் கேட்கவில்லை.

மதிப்பெண் முறையையும் பார்க்க வேண்டும். போர் முடிந்ததும் நமக்கு ஒரு தரம் கொடுக்கப்படும். அந்தத் தரம் எத்தனை சுற்றில் முடித்தோம் என்பதை மட்டுமே வைத்துக் கணக்கிடப்படுகிறது. எத்தனை பேர் செத்தார்கள் என்பது கணக்கிலேயே இல்லை. விழுந்தவளைத் தொடுவதற்காக ஒருத்தியை அனுப்பினால் அந்த நகர்வு வீண், சுற்று கூடும், தரம் குறையும். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் அலிசியா ஒருத்தியையே திரும்பத் திரும்ப ஓடவைத்து, எதிரி முகாமைப் பிடித்து, இரண்டே சுற்றில் ஆட்டத்தை முடித்துவிடுகிறார்கள். தொடுதலைக் கண்டுபிடித்த விளையாட்டே தொட்டவளுக்குத் தண்டனையும் கொடுக்கிறது. வீட்டு வேலை தேச வருமானக் கணக்கில் ஏறுவதில்லை என்று நாம் வகுப்பில் பேசுவதும் இதே கணக்கைப் பற்றித்தான்.

இனி இசாரா.

இசாரா ‘டார்க்சன்’ இனத்தைச் சேர்ந்தவள். கருநீலத் தலைமுடி இந்த இனத்தின் அடையாளம். பழங்காலத்தில் கண்டத்தையே எரித்து நாசமாக்கியவர்கள் டார்க்சன்கள்தான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்தப் பழிக்குத் தண்டனையாக அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இசாராவின் பின்னால் ‘குந்தர்’ என்று ஒட்டிக்கொண்டிருப்பது வெல்கினின் அப்பா அவளை மகளாக எடுத்துக்கொண்டதால் வந்தது. நாம் இங்கே பெயருக்குப் பின்னாலிருக்கும் வாலை வெட்டியதை விடுதலை என்கிறோம். காலியாவில் வால் இல்லாததே சூடு போட்ட தழும்பு. பெயரின் நீளமோ குறுக்கமோ பிரச்சினை இல்லை, அதைத் தீர்மானித்தது யார் என்பதே கேள்வி என்று மாணவிகளுக்குச் சொல்ல எனக்கு இது உதவியது. பிறகு கதையில் ஒரு பழைய இடிபாட்டில் உண்மை தெரியவருகிறது. கண்டத்தை எரித்தவர்கள் டார்க்சன்கள் அல்ல. படையெடுத்து வந்த வால்கிரிகள்தான். ஜெயித்தவர்கள் வரலாற்றையும் எழுதிவிட்டார்கள்.

அதே படைப்பிரிவில் ரோசி இருக்கிறாள். மதுக்கடையில் பாடிக்கொண்டிருந்தவள். டார்க்சன்களை அவளுக்கு ஆகாது. முதல் நாளிலிருந்தே இசாராவை முகத்துக்கு நேராக இழிவுபடுத்துகிறாள். இசாரா திருப்பித் திட்டுவதில்லை. வேலை செய்கிறாள். மார்பெரி கடற்கரையில் உயரத்திலிருந்து எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது, படை முன்னேறுவதற்காகப் புகைக்குண்டு ஒன்றைச் செய்து தருகிறாள். அந்தப் புகையின் மறைவில்தான் ரோசி உயிரோடு மேலே ஏறுகிறாள். போர் முடிந்த பிறகு இருவரும் முதன்முதலாக மனிதர்களைப் போலப் பேசிக்கொள்கிறார்கள். அந்த நிமிடத்தில், எங்கோ ஒளிந்திருந்த ஒருவன் இசாராவைச் சுட்டுவிடுகிறான்.

இது ஆட்டத்தில் நடப்பதில்லை, காட்சியில் நடக்கிறது. கட்டுப்பாடு நம் கையிலிருந்து பிடுங்கப்பட்டிருக்கும். விளையாடும்போது இசாரா டாங்கியின் இரும்புக்குள் இருக்கிறாள். டாங்கி அழிந்தால் ஆட்டமே தோல்வி என்பதால், படையிலேயே அதிகம் பொத்திப் பாதுகாக்கப்படுகிறவள் அவள்தான். பத்து அத்தியாயங்களாக அவளைச் சுற்றியே நம் காய்களை நகர்த்திப் பழகியிருப்போம். விழுந்தவளைத் தொட்டால் காப்பாற்றலாம் என்று இத்தனை மணி நேரமாக நம் விரல்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவள் விழும்போது, கட்டைவிரல் தானாகவே அசைகிறது. ஆனால் அழுத்த ஒரு பொத்தானும் இல்லை. மூன்று சுற்று என்ற அவகாசம் அவளுக்குக் கிடையாது.

இதை வலிமையான கதை உத்தி என்று பலர் பாராட்டுகிறார்கள். உத்தி வலிமையானதுதான், மறுக்கவில்லை. எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அவள் சாவு எதற்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். ரோசி திருந்துகிறாள். இசாராவுக்காக ஒரு பாட்டுப் பாடுகிறாள்; அந்தப் பாட்டைக் கேட்டு நாமும் அழுகிறோம். வெறுத்தவளின் மனமாற்றம் ஒரு முழுமையான கதை வளைவாக, இசையோடு, நமக்குக் கிடைக்கிறது. வெறுக்கப்பட்டவளுக்குக் கிடைத்தது ஒரு தோட்டா. அவள் உயிரோடிருந்து, ரோசியின் மன்னிப்பை ஏற்பதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்திருக்கலாம். ஏற்காமலும் போயிருக்கலாம். அந்த உரிமையைக் கதை அவளுக்குத் தரவில்லை. ஒடுக்கப்பட்டவள் தன் அறிவால் ஒடுக்கியவளைக் காப்பாற்ற வேண்டும், கோபப்படாமல் இருக்க வேண்டும், பிறகு செத்து அவளைப் பண்புள்ளவளாக்க வேண்டும். இவ்வளவையும் செய்த பிறகே அவள் நினைவுக்குரியவள் ஆகிறாள். கடைசிக் காட்சியில் வெல்கினுக்கும் அலிசியாவுக்கும் பிறந்த குழந்தைக்கு இசாரா என்று பெயர் வைக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அந்தப் பெயர் மட்டும் டார்க்சன் அல்லாத ஒரு உடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த விளையாட்டின் இன்னொரு பெண் செல்வாரியா. பேரரசின் தளபதி. வால்கிரி ரத்தம் ஓடுபவள். ஈட்டியும் கேடயமும் ஏந்தி நீல நெருப்போடு வந்தால் ஒரு படையே சிதறும். சிறுமியாக இருந்தபோது ஆராய்ச்சிக்கூடத்தில் அடைத்துவைக்கப்பட்டிருந்தவளை மீட்டவன் இளவரசன் மாக்ஸிமிலியன். அந்த நன்றியைக் காதலாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். அவளுடைய உடைக்கு மார்பை மறைப்பதில் அக்கறையே இல்லை. காமிராவும் அங்கேயே நின்று நின்று போகிறது. அவள் தோற்ற பிறகு அவன் ஓர் உத்தரவு தருகிறான்: உன் உயிரையே எரித்து வெடித்துவிடு. அவளும் சிறைப்படுகிறாள். சிறைப்பட்ட தன் வீரர்களை ஏழாவது படைப்பிரிவே பத்திரமாக வெளியே கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறாள். பிறகு கோட்டையோடும், அதைப் பிடித்த காலியாவின் படையோடும் தன்னை எரித்துக்கொள்கிறாள். தன் வீரர்களுக்காகப் பேரம் பேசத் தெரிந்த ஒருத்திக்குத் தனக்காக ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. அந்தக் கடைசிக் கோரிக்கைக்காகவே அவளை மதிக்கிறேன். அவளை அந்த உடையில் சாகவிட்டவர்களை மதிக்க முடியவில்லை.

அலிசியாவும் வால்கிரிதான். அது அவளுக்கே தெரியாது. அகழாய்வில் ஆர்வமுள்ள ஃபால்டியோ இதை ஊகித்துவிடுகிறான். வெல்கினின் நண்பன் அவன். நாகியார் சமவெளியில் தோல்வி நெருங்கும்போது, அவளுக்குள் உறங்கும் சக்தியை எழுப்புவதற்காக, தன் பக்கத்து வீராங்கனையான அவளை அவனே சுடுகிறான். அவளிடம் கேட்கவில்லை. நாட்டைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பது அவன் நியாயம். காயம் அவளுடையது, கண்டுபிடிப்பு அவனுடையது. பெண்ணின் சம்மதமின்றி அவள் உடலை ஆயுதமாக்குவதை இவ்வளவு நேரடியாகக் காட்டிய விளையாட்டு எனக்கு வேறு தெரியாது. படைப்பாளிகள் இதைக் குற்றமாகவே காட்டுகிறார்கள். அவன் சிறைக்குப் போகிறான். ஆனால் இறுதியில் எதிரி இளவரசனோடு சேர்ந்து கீழே விழுந்து வீரமரணம் அடைந்து, கணக்கை நேர்செய்துகொள்கிறான். சுட்டவனுக்குக்கூட மீட்சி கிடைக்கிறது.

ஆனாலும் அலிசியாவின் கடைசி முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. செல்வாரியாவைப் போலவே தன்னை எரித்து எதிரியின் பிரம்மாண்டமான போர்வண்டியை அழிக்க அவள் துணியும்போது வெல்கின் தடுக்கிறான். நாயகன் வந்து திருமணம் பேசித் தடுப்பது பழைய கதைதான். என்றாலும், தெய்வமாக எரிவதைவிட அலிசியாவாக இருப்பது என்று அவள் தேர்ந்தெடுப்பதில் ஒரு மறுப்பு இருக்கிறது. போருக்குப் பிறகு ஊர் திரும்பி ரொட்டிக்கடை வைக்கிறாள். சக வாசகி ஒருத்தி இதைப் படித்துவிட்டு, “கடைசியில் அடுப்படிக்கே அனுப்பிட்டாங்களே” என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரொட்டி சுடுவது அவள் போருக்கு முன்பே செய்த தொழில். அவளுடைய கல்லாப்பெட்டி, அவளுடைய மாவு. சக்தி என்றும் தாய் என்றும் தூக்கிவைக்கும் பீடத்திலிருந்து இறங்கி வந்து கடை வைப்பதை நான் தோல்வி என்று சொல்லமாட்டேன்.

காலியாவின் இளவரசி கோர்டேலியாவைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். எப்போதும் தலையை மறைத்தபடியே வருகிறவள். அந்த மறைப்புக்கு அடியில் இருப்பது டார்க்சனின் கருநீல முடி. மக்கள் முன்னால் தானே அதை வெளிப்படுத்தும் அந்தக் காட்சி, டாங்கிகள் செய்த எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது. விளையாட்டு அதைச் சீக்கிரமே கடந்துவிடுகிறது.

முழுக் கதையும் ஒரு புத்தகத்தின் பக்கங்களாகவே நமக்குக் காட்டப்படுகிறது. அந்தப் புத்தகத்தை எழுதியவள் ஐரீன் என்ற போர்ச் செய்தியாளர். அப்படியானால் நாம் ஆடுவது ஒரு பெண் எழுதிய வரலாற்றை. அலெக்ஸியேவிச் பேட்டி கண்ட பெண்களில் ஒருத்தியின் கணவர், போரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனைவிக்கு முந்தைய இரவு பாடம் நடத்தியிருக்கிறார். படை நகர்வையும் தேதிகளையும் சொல், அழாதே, அற்ப விஷயங்களைப் பேசாதே என்று. ஐரீனின் புத்தகத்தைப் புரட்டும்போது அந்தக் கணவரின் குரல் எனக்குக் கேட்கிறது. அதில் போர்கள் வரிசையாக இருக்கின்றன, தளபதிகள் இருக்கிறார்கள், காதல் இருக்கிறது. முதன்மைக் கதைப் பக்கங்களில் பூந்தாது ஒவ்வாமைக்காரிக்கு இடமில்லை. அவள் செத்தாளா பிழைத்தாளா என்பதைப் பொறுத்து அந்தக் கதை மாறுவதில்லை. மாற்றவும் முடியாது, யார் செத்தார்கள் என்பது ஆடுகிறவருக்கு ஆடுகிறவர் வேறுபடும். அந்த வரலாறு ஆடியவளின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

எனக்கு இதைக் கொண்டுவந்து கொடுத்த மாணவி தன் ஆட்டத்தில் ஒருவரையும் சாகவிடவில்லை. பல போர்களில் அவளுக்குக் கிடைத்தது கடைசித் தரம். ஒரு போரை முடிக்க எத்தனை சுற்று ஆயிற்று என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள். விழுந்தவர்களின் பெயர்களையும், யாரை யார் போய்த் தொட்டார்கள் என்பதையும் வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தாள். பதினேழு பேர். இரண்டு பேருக்கு எதிரே மட்டும், மூன்றாவது சுற்றில், என்று குறித்திருந்தாள்.